பின்கதவுக்குள் நின்ற வெள்ளம்

இடதுபக்கப் பின்கதவு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு வெளியூரிலிருந்து வந்தவர்கள் பாதிப்பேர் முன்கதவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, டிக்கிக்கு மாலை போட்டுவிட்டு, வெள்ளத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல் பஸ் ஏறிப் போனார்கள், போன இடத்தில் பார்த்ததாகவும் சொல்லிக்கொண்டார்கள். முன்கதவில் ஒன்றும் கிடையாது.

அரவக்குறிச்சி தாண்டி பைபாஸ் ஓரத்தில் எங்கள் பட்டறை வரிசை. முதலில் நாச்சிமுத்துவின் மெக்கானிக் ஷெட், அடுத்தது என்னுடையது, டிங்கர் வேலை, அதற்கடுத்து டயர் கடை, கடைசியில் பாவாயி மெஸ். எதிரே முருங்கைக்காடு, காட்டுக்கு அந்தப்புறம் ஆறு. ஆறு என்றால் மணல், மணல் என்றால் அதையும் லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனபிறகு மிஞ்சிக் கிடந்த களிமண் வெடிப்பு. மழையைப் பார்த்து நாளாகிவிட்ட ஊர். குடையைக் கல்யாணத்துக்குக் காசியாத்திரை போகிற மாப்பிள்ளைதான் பிடிப்பான்.

வண்டி சென்னியப்பனுடையது. முருங்கைக்காய் மண்டி வைத்திருப்பவர். பட்டணத்தில் அந்தப் பெரிய வெள்ளம் வந்த வருஷம் தெருவில் முங்கிக் கிடந்த கார்களையெல்லாம் தூக்கி, ஏலம் விட்டு, கழுவி, வெயிலில் காயவைத்து, சீட்டுக்கு உறை மாற்றி, மல்லிகை வாசனை அடித்து, வெள்ளம் என்றால் என்னவென்றே தெரியாத எங்களைப் போன்ற காய்ந்த ஊர்களுக்குத்தான் அனுப்பினார்கள். வாங்குவதற்கு முன்னால் கதவின் உள்பக்க மூடியை, டோர் பேடைக் கழற்றிப் பார், உள்ளே சேற்றுக்கோடு இருந்தால் தொடாதே என்று நாச்சிமுத்து படித்துப் படித்துச் சொன்னான். மண்டியில் காயைத் தொடாமலே முற்றலா பிஞ்சா என்று சொல்கிறவனுக்கு ஒரு வண்டியைப் பார்க்கத் தெரியாதா என்று சென்னியப்பன் கேட்டார். வாங்கினார். கொஞ்சகாலம் ஓட்டினார். ஒருநாள் பின்கதவுக் கண்ணாடி உள்ளே இறங்கியது, பிறகு ஏறவே இல்லை. புழுதி பூராவும் உள்ளே வந்து வேட்டியெல்லாம் செம்மண்ணாகி, பொறுக்கமாட்டாமல் கொண்டுவந்து விட்டார். கண்ணாடியை ஏற்றிக்கொடு, கையோடு கையாக மோட்டார் வைத்து பட்டனை அமுக்கினால் ஏறுகிற மாதிரியும் பண்ணிக்கொடு என்றார்.

நாச்சிமுத்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கண்ணாடி ஏற்றும் கைப்பிடிக்குப் பின்னால் பனியன் துணியைக் கொடுத்து இப்படியும் அப்படியும் இழுத்தான். உள்ளே இருக்கிற கம்பிக்கிளிப் துள்ளி வெளியே விழுந்தது. கைவைக்கிற கட்டைக்கு அடியில் இருந்த ஸ்குரூக்களைக் கழற்றினான், கதவு திறக்கிற கொண்டியைச் சுற்றியிருந்த மூடியை நெம்பினான். அப்புறம் தட்டை ஸ்குரூடிரைவருக்குத் துணி சுற்றி, பெயிண்டில் கோடு விழாமல், பேடின் ஓரத்தில் கொடுத்து ஒவ்வொரு கிளிப்பாக டப், டப் என்று எடுத்துக்கொண்டே போனான். கடைசியில் பேடை மேல்நோக்கித் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்தான். உள்ளே கறுப்புப் பசை போட்டு ஒட்டின பிளாஸ்டிக் தாள் இருக்கும், எல்லா வண்டியிலும் இருக்கும். அதை உரித்தான். அதற்குள்ளே கதவின் உள்தகடு, அதில் ஒரு ஆள் தோள்வரை கையை விடுகிற அளவுக்கு ஒரு ஓட்டை. அதற்குள் பார்த்தால் கண்ணாடியின் விளிம்பு தெரியும், கம்பி தெரியும், துரு தெரியும், சிலந்தி தெரியும்.

என்னைக் கூப்பிட்டான்.

"டிங்கரண்ணா, சித்த வந்து பாருங்க. கதவுக்குள்ள மழ பேயுது."

ரேடியேட்டர் ஒழுகுது என்று சொல்கிற குரலில்தான் சொன்னான். போய்ப் பார்த்தேன். பெய்தது.

ஓட்டைக்குள்ளே ஒரு தெரு இருந்தது, தெரு முழுக்கத் தண்ணீர், கலங்கின தண்ணீர். வீடுகள் இடுப்புவரை முங்கி மாடி ஜன்னல்கள் மட்டும் வெளியே நின்றன, கரண்ட் கம்பத்தின் தோள் மட்டும் வெளியே நின்றது. ஒரு கட்டிலும் ஒரு கேஸ் சிலிண்டரும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. அதன்மேல் விடாமல் மழை, வெளிச்சம் சாயங்கால வெளிச்சம். எங்கள் பக்கம் வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானம். தண்ணீர் வெளியே கொட்டவில்லை, ஓட்டையின் வாயில் கண்ணாடி பதித்த மாதிரி நின்றது. கையை விட்டால் நனைந்தது, எடுத்தால் சொட்டியது, அவ்வளவுதான். ஓட்டைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு மொட்டைமாடி, அதன் கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் கீழே வெள்ளம். சுவரோரம் ஒரு பெண்பிள்ளை தோள்பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றது.

சென்னியப்பன் குனிந்து பார்த்தார். கண்ணாடி ஏறுமா ஏறாதா என்று கேட்டார். தண்ணி வடிந்தால்தான் சொல்ல முடியும் என்றான் நாச்சிமுத்து. கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும், அதில் கம்பியை விட்டுக் குத்தினான். புழுதி உதிர்ந்தது, ஒரு செத்த கரப்பான் விழுந்தது. ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை.

டீ டம்ளர் பொறுக்க வந்த பாவாயி என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்தாள்.

பாவாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒற்றையாளாக மெஸ் நடத்தி மகள் மேகலாவைப் படிக்கவைத்தாள், மேகலா பட்டணத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தது, ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் அறை எடுத்துத் தங்கியது, அந்த வெள்ளத்தன்றைக்குச் சாயங்காலம் போன் பண்ணி, தண்ணி உள்ள வந்துருச்சும்மா, மாடிக்குப் போறேன், சார்ஜ் இல்ல என்று சொன்னது. அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. பாவாயி போய் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் பார்த்தாள், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பார்த்தாள், உயிரும் கிடைக்கவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. காரியம் பண்ணிவிடு என்று சொன்ன சொந்தக்காரர்களை மெஸ்ஸுக்குள் விடுவதில்லை. யாராவது கேட்டால், இன்னும் வரலீங்க என்பாள், பஸ் லேட் என்கிற மாதிரி.

அவள் ஓட்டைக்குள் பார்த்தாள். கத்தவில்லை, மயங்கி விழவில்லை. டம்ளர்களைத் தரையில் வைத்தாள், வலது கையை முந்தானையில் துடைத்தாள், தோள்வரை உள்ளே விட்டாள். அந்தப் பக்கம் மழைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் முளைத்து வந்ததை மேகலா வெகுநேரம் பார்த்தது. முழங்கைக்குக் கீழே தோசைக்கல் சுட்ட தழும்பைப் பார்த்தது. பையைக் கீழே போட்டுவிட்டு அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. வாய் அசைந்தது. சத்தம் இந்தப் பக்கம் வரவில்லை.

ஊர் என்ன செய்ததென்றால், சோறு போட்டது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறு எதுவும் தெரியாது. பிறந்தாலும் சோறு, செத்தாலும் சோறு, சாமிக்கும் சோறு, சண்டை தீர்ந்தாலும் சோறு. முதல் பொட்டலம் பாவாயியே கட்டினாள். அடுத்தநாள் பட்டறை வரிசை பூராவும் கட்டியது, அதற்கடுத்து மண்டிக்காரர்கள் கட்டினார்கள், அப்புறம் பக்கத்து ஊர்களிலிருந்து டெம்போ பிடித்து வந்து இட்லியும் புளிச்சோறும் பன்னும் பிஸ்கட்டும் துண்டும் போர்வையும் ஓட்டைக்குள் கொடுத்தார்கள். கவுன்சிலர் வந்து ஷாமியானா போட்டார், பொட்டலத்தின்மேல் கட்சி ஸ்டிக்கர் ஒட்டினார், எதிர்க்கட்சி அதன்மேலேயே தன் ஸ்டிக்கரை ஒட்டியது, மேகலாவுக்குப் போய்ச் சேர்ந்த பொட்டலங்களில் சோற்றைவிடப் பசை கனமாக இருந்தது. தாசில்தார் ஜீப்பில் வந்தார், ஓட்டைக்குள் பார்த்தார், வெள்ள நிவாரணம் சம்பந்தப்பட்ட மாவட்டத்தில்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, மெஸ்ஸில் ஆம்லெட் சாப்பிட்டுவிட்டுப் போனார். காவலுக்கு ஒரு போலீஸ்காரரைப் போட்டார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறவர், கதவுக்குள் பெய்கிற மழைக்காற்று அவர் முகத்தில் மட்டும் அடிக்கிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

சென்னியப்பன் முதலில் வண்டியைக் கேட்டுச் சண்டை போட்டார். காய் அழுகுகிறது, நான் எதில் போவது என்று கத்தினார். வந்தவர்கள் அவருக்குத் துண்டு போர்த்தினார்கள். அப்புறம் அவர் கத்தவில்லை. கதவுக் கமிட்டி என்று ஒன்றை ஆரம்பித்து அதற்குத் தலைவரானார், வண்டி எங்கேயும் போய்விடக்கூடாதென்று சக்கரங்களைக் கழற்றிச் செங்கல்மேல் உட்காரவைத்தார், சுற்றிலும் சவுக்குக்கட்டை அடித்து வரிசை போக வழி பண்ணினார்.

மேகலாவுக்குப் பசியில்லை. அதுதான் விஷயம். இங்கே வாரம் வாரமாகப் போய்க்கொண்டிருந்தது, அங்கே அதே சாயங்காலம்தான். அதே மழை, அதே வெளிச்சம், அந்தக் கட்டிலும் சிலிண்டரும்கூட இன்னும் தெருமுனை திரும்பவில்லை. முதல் பொட்டலத்தை வாங்கிப் பிரித்து மூன்று விரலால் எடுத்துச் சாப்பிட்டது. இரண்டாவதை வாங்கிப் பைக்குள் வைத்தது. அதற்கப்புறம் மழைக்குள்ளிருந்து கைமேல் கையாக முளைத்து வந்து சோறு நீட்டின, வளையல் போட்ட கை, மோதிரம் போட்ட கை, கட்சிக்கரைத் துண்டு முழங்கையில் சுற்றின கை, எதை வாங்குவது எதை விடுவது என்று தெரியாமல் அது வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டியது. கூச்சப்படுது பாரு, நல்ல வளர்ப்பு என்று சொல்லிக்கொண்டு இன்னும் கொடுத்தார்கள். வாங்காதது வெள்ளத்தில் விழுந்தது.

டயர் கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா. சோறு என்னத்துக்கு, புள்ளையை மிதக்க வைக்கோணும் என்றார்கள். ஓட்டை சின்னது, ஊதின டியூப் போகாது, அதனால் காற்றில்லாத லாரி டியூபைச் சுருட்டி உள்ளே விட்டார்கள், கம்ப்ரஸர் பைப்பையும் கூடவே விட்டு அங்கேயே காற்றுப் பிடித்தார்கள். டியூப் உப்பியது, பெருத்தது, மேகலா கையை நீட்டுவதற்குள் வெள்ளம் அதைத் தெருவோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. இன்னொன்று விட்டார்கள். அதுவும் போனது. கடையிலிருந்த பஞ்சர் டியூப், நல்ல டியூப், டிராக்டர் டியூப் எல்லாம் போனபிறகுதான் நிறுத்தினார்கள். நிறுத்தும்போது வெள்ளம் கைப்பிடிச் சுவரைத் தாண்டி மொட்டைமாடிக்குள் வந்திருந்தது, மேகலா கணுக்கால் தண்ணீரில் நின்றது.

மழை பெய்கிறது, ஏறத்தானே செய்யும் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பாவாயி அப்படி நினைக்கவில்லை. அவள் வேறு வேலையில்லாமல் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தவள். ஊரில் ஒரு பெரிய சாவு விழுந்து எல்லாரும் அங்கே போய், பகல் பூராவும் கதவுப்பக்கம் ஒருவரும் வராத நாளில், மழை மட்டும் பெய்துகொண்டே இருந்தது, தண்ணீர் ஒரு நூல்கூட ஏறவில்லை. அவள் ஒரு பொட்டலத்தை எடுத்து உள்ளே விட்டாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏறியது. கையை விட்டாள், ஏறியது. கையை எடுத்தாள். ஏறினது இறங்கவில்லை.

கதவுக்குள் என்ன போனாலும் அந்த அளவுக்கு வெள்ளம் ஏறும், எடுத்தாலும் இறங்காது. சும்மா விட்டால் நிற்கும். அந்தச் சாயங்காலம் அப்படியே நிற்கும், மழை பெய்துகொண்டே இருக்கும், பிள்ளை உயிரோடு இருக்கும், எந்தக் காலத்துக்கும். அவ்வளவுதான் கணக்கு.

அன்றோடு பாவாயி கையை உள்ளே விடுவதை நிறுத்தினாள். எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அங்கே மேகலா மழைக்குள் கையைத் துழாவித் துழாவிப் பார்த்தது, தோசைக்கல் சுட்ட தழும்பு இருக்கிற கை வரவே இல்லை. மற்ற கைகள் வந்தன. அந்தக் கைகளையெல்லாம் பிடித்துத் திருப்பிப் பார்த்து, இது இல்லை இது இல்லை என்று விட்டது. அதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள் பாவாயி. என்னால் கொஞ்சநேரத்துக்குமேல் பார்க்க முடியாது, எழுந்து வந்துவிடுவேன்.

என்னிடம் வந்து தகட்டை வெட்டச் சொன்னாள். ஓட்டையைப் பெரிசு பண்ணினால் பிள்ளையை இழுத்துவிடலாம் என்றாள். நியாயம்தான். உளியை வைத்து ஒரே ஒரு தட்டு தட்டினேன். தகட்டில் ஒரு கீறல் விழுந்தது, அங்கே மொட்டைமாடிச் சுவரில் அதே இடத்தில் அதே நீளத்துக்கு விரிசல் விழுந்து, செங்கல் பெயர்ந்து வெள்ளத்துக்குள் போனது, தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன்.

ஊருக்குச் சொல்லிப் பார்த்தாள். வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் போய், போடாதீங்க, போட்டா ஏறுது என்று சொன்னாள். கேட்டார்கள், பாவம் என்று தலையை ஆட்டினார்கள், கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாதே என்று போட்டுவிட்டுப் போனார்கள். அதற்குள் விஷயம் வேறு மாதிரி ஆகியிருந்தது. கதவுக்குள் பொங்கல் கொடுத்த ஒரு தாராபுரத்துக்காரருக்குக் கடன்காரன் காலில் விழுந்தானாம், ஒரு பள்ளப்பட்டி அம்மாவுக்கு மூட்டுவலி போனதாம், கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு ஆனதாம், ஆனவளுக்கு வயிற்றில் பிள்ளை தங்கியதாம். நேர்ந்துகொண்டு வர ஆரம்பித்துவிட்டார்கள். நேர்ந்துகொண்டு வருகிறவனிடம் போடாதே என்று சொல்ல முடியுமா. முதலில் பாவம் என்று பார்த்தவர்கள் பிறகு முறைத்துப் பார்த்தார்கள். பெத்தவளே புள்ளைக்குச் சோறு போடாதேங்கறா, நெஞ்சா கல்லா என்று அவள் காதுபடவே பேசினார்கள்.

நாச்சிமுத்துவிடம், தம்பி, பேடைப் போட்டு மூடிரு என்றாள். அவன் கமிட்டியைக் கேட்கவில்லை. பிளாஸ்டிக் தாளைப் புதுப் பசை போட்டு ஒட்டி, பேடை வைத்து, உள்ளங்கையால் சுற்றிலும் தட்டி உட்காரவைத்து, ஸ்குரூவெல்லாம் முறுக்கிவிட்டான். பார்ப்பதற்குச் சாதாரணக் கதவாகிவிட்டது. பாவாயி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே மழைச் சத்தம் லேசாகக் கேட்கிற மாதிரி இருந்தது என்று சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள், தலையில் பொங்கல் பானையோடு. கதவு மூடியிருந்தது. பொறுமையாகக் கழற்ற அவர்களுக்கு என்ன தெரியும், விரலை விட்டுப் பிய்த்து இழுத்தார்கள், கிளிப்பெல்லாம் முறிந்தது, பேடு இரண்டாக உடைந்தது. கிளிப் முறிந்தால் பேடு திரும்ப உட்காராது. அதைத் துண்டு துண்டாக்கிப் பிரசாதம் மாதிரி எடுத்துக்கொண்டும் போய்விட்டார்கள்.

பாவாயி கதவை மறித்துக்கொண்டு நின்றாள். கமிட்டி கூடியது. சென்னியப்பன் பொறுமையாகத்தான் பேசினார், கூட்டத்தில் பேசிப் பேசி அவருக்குக் குரலே மாறிப்போயிருந்தது.

"பாவாயி, உம்பட புள்ள இப்ப உனக்கு மட்டும் புள்ள இல்ல பாரு. ஊருக்கே புள்ள."

"ஊருக்குப் புள்ளைன்னா ஊரு ஏனுங்ணா அவள முக்குது?"

கமிட்டி ஆட்கள் பெண்களை விட்டு அவளைத் தாங்கலாகப் பிடித்து ஓரமாகக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள், குடிக்க மோர் கொடுத்தார்கள். கொடுமைக்காரர்கள் என்று சொல்லமாட்டேன். ஒருத்தி விசிறிவிட்டாள்.

இப்படியே வைகாசி போனது, ஆனி போனது. மேகலா மொட்டைமாடியிலிருந்து தண்ணீர்த்தொட்டியின்மேல் ஏறி நின்றது. தொட்டியைச் சுற்றி வெறும் இலையும் ஸ்டிக்கரும் ரப்பர்பேண்டும் மிதந்தன. அதற்கு இங்கே நடப்பது ஒன்றும் தெரியாது. ஒரு மணிநேரத்துக்குள் எங்கிருந்தோ ஆயிரம் கை சோறு நீட்டியது, வெள்ளம் கிடுகிடுவென்று ஏறியது, அம்மா கை ஒன்று வந்தது, அப்புறம் வரவில்லை. அவ்வளவுதான் அது கண்டது. தொட்டிக்குமேல் ஏற இடமில்லை.

அப்போது ஆடிப்பெருக்கு வந்தது.

ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் பெருகி வருகிற தண்ணீரைக் கும்பிட வேண்டும். எங்கள் ஆறுதான் இருக்கிற அழகைச் சொன்னேனே. சனங்கள் வருஷா வருஷம் போர்வெல் குழாயடியில் பானையை வைத்துக் கும்பிட்டுவிட்டு வருவார்கள், தோட்டத்தில் அதுவும் இல்லாதவர்கள் குண்டாவில் தண்ணீர் பிடித்துவைத்துப் பூவைப் போடுவார்கள். இந்த வருஷம் சுற்றுவட்டாரத்தில் பெருகி நிற்கிற தண்ணீர் என்றால் சென்னியப்பன் வண்டியின் பின்கதவில்தான். கமிட்டி மைக் கட்டி அறிவித்தது. நாச்சிமுத்து போய் வேண்டாம் என்று கெஞ்சினான், போலீஸ்காரரை எழுப்பிச் சொன்னான். அவரும் சம்சாரத்தையும் மாமியாரையும் அன்றைக்கு வரச்சொல்லியிருந்தார்.

விடியும்போதே பைபாஸ் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது. கரூர்ப்பக்கம், திண்டுக்கல்பக்கம், வெள்ளகோவில்பக்கமிருந்தெல்லாம் வந்தார்கள், பட்டுப்புடவையும் ஈரத்தலையுமாக, தலையில் முளைப்பாரியும், தூக்குப்போசியில் எலுமிச்சைச்சோறும் தயிர்ச்சோறும் தேங்காய்ச்சோறும், தட்டில் காதோலையும் கருகமணியும், மாவிளக்கும், புதுமஞ்சள் கயிறும், எல்லாம் தண்ணீரில் விடுவதற்கு. பிள்ளைகள் சப்பரம் இழுத்துக்கொண்டு ஓடின. இத்தனை சந்தோஷத்தை எங்கள் ஊர் பார்த்து வெகுகாலமாகிறது, அதையும் சொல்ல வேண்டும். மழையே இல்லாத ஊரில் மழை வாசம் வந்தது, கதவுக்குப் பக்கத்தில் வந்ததும் கிழவன்கூடக் கண்ணை மூடி மூச்சை இழுத்தான்.

நான் ஒருதரம் ஓட்டைக்குள் பார்த்தேன். தண்ணீர் கழுத்துக்கு இருந்தது. மேகலா முகத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, ஒரு கையை மட்டும் மேலே நீட்டி மழைக்குள் துழாவிக்கொண்டிருந்தது.

பாவாயி அன்றைக்கு மறிக்கவில்லை. மெஸ்ஸைச் சாத்திவிட்டு, தலைக்குக் குளித்து, வெளுத்த புடவை கட்டி, வெறுங்கையோடு வரிசையின் முன்னால் வந்தாள். கமிட்டி ஆட்களுக்கு ஒரே சந்தோஷம், ஒருவழியாக மனசு மாறிவிட்டாள் என்று. தாயார் வந்தாச்சு, தாயார்தான் மொதல்ல போடோணும், வழி விடுங்க, வழி விடுங்க என்று மைக்கில் சொன்னார்கள். கூட்டம் விலகியது. சில பெண்கள் அவள் காலைத் தொட்டார்கள்.

நாச்சிமுத்து கதவுப்பக்கம் நின்றிருந்தான். என்ன அக்கா என்று கேட்டான், வாயால்கூட இல்லை, முகத்தால்.

"எப்படியும் ஏறப்போகுது தம்பி," என்றாள். "ஏத்தறது எம்பட கையா இருக்கட்டும்."

வலது கையை உள்ளே விட்டாள். முழங்கை போனது, புஜம் போனது, தோளைத் தகட்டோடு சேர்த்து அழுத்தினாள், கன்னமும் தகட்டில் பதிந்தது. அவள் தோள் ஓட்டையை அடைத்துக்கொண்டது, அதனால் உள்ளே நடந்ததை ஒருவரும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை, அவள் முகம் எங்கள் பக்கம்தான் திரும்பியிருந்தது. பம்பை அடித்தார்கள். குலவை போட்டார்கள். அவள் தோள் ஒருதரம் வெடுக்கென்று உள்ளே இழுபட்டது, யாரோ கெட்டியாகப் பிடித்துக்கொண்ட மாதிரி. அவள் முகத்தில் ஒன்று வந்தது, அதற்குப் பெயர் எனக்குத் தெரியாது, சந்தோஷம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் தோள் நடுங்கியது. அப்புறம் நடுக்கம் அதிகமானது. அவள் கண்ணை மூடவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு எங்கள் தலைகளுக்குமேல் எதையோ பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் நடுக்கம் நின்றது. பம்பை அடித்துக்கொண்டே இருந்தார்கள். நின்றபிறகும் அவள் கையை எடுக்கவில்லை. வரிசையில் பின்னால் இருந்தவர்கள், என்னம்மா, எங்களுக்கும் நேரமாகுதில்ல என்று சத்தம் போட ஆரம்பித்தபிறகுதான் எடுத்தாள்.

நான் பார்த்தேன். தண்ணீர் இருந்தது, தண்ணீர்மேல் மழை பெய்துகொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

சனங்கள் முன்னால் வந்தார்கள். முளைப்பாரியை விட்டார்கள், சோற்றை விட்டார்கள், காதோலை கருகமணியை விட்டார்கள், மாவிளக்கை ஏற்றி விட்டார்கள், அது மழையில் அணைந்தது, மறுபடியும் ஏற்றி விட்டார்கள். பிள்ளை எங்கே காணோம் என்று யாரோ ஒருத்தி கேட்டாள். உள்ளே போயிருக்கும், மழை பெய்யுதில்ல என்று பக்கத்திலிருந்தவள் சொன்னாள். சாயங்காலம்வரை வரிசை குறையவில்லை.

மத்தியானம் பார்த்தால் மெஸ் திறந்திருந்தது. உலை கொதித்திருந்தது, குழம்பு ஆகியிருந்தது. பட்டறைக்காரர்கள் நாங்கள் எப்போதும் சாப்பிடுகிற நேரத்துக்குப் போய் உட்கார்ந்தோம், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. டயர் கடைக்காரர்கள், நாச்சிமுத்து, நான், கடைசியில் சென்னியப்பனும் வந்து ஓரமாக உட்கார்ந்தார். பாவாயி இலை போட்டாள். சோற்றுக் குண்டாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். வலது கை துடைக்காமல் ஈரத்தோடு பக்கத்தில் தொங்கியது, விரல்கள் எதையோ பிடித்த மாதிரியே மடங்கி இருந்தன, அதை அவள் விரிக்கவில்லை. இடது கையால் அள்ளிப் போட்டாள். ஒவ்வொரு இலைக்கும் இடது கையால்.

எங்கள் பக்கம் இடது கையால் சோறு போட்டால் இலையை விட்டு எழுந்துவிடுவார்கள். அப்படி எழுந்து, தலைமுறை தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்கள் உண்டு.

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. குனிந்து சாப்பிட்டோம்.